டிசம்பர் முத்திரை

மறைமலை நகர்
11.2.1991

அடியே எழிலு,

கையெழுத்தைப் பார்த்துக் கலங்கிப் போகாதே. பேய் பிசாசு தபால் எழுதுவதில்லை. நான் அமலாதான். நீயும் நம் பள்ளிக்கூடமும் சேர்ந்து என்னைச் சாகடித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறேன்.

போன சனிக்கிழமை நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கு நம் வகுப்புச் சந்திரம்மாள் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் மருமகனுக்கு இங்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலையாம். நான் வராந்தாவில் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் பிள்ளையை பெஞ்சில் போட்டுவிட்டு ஒரே அலறல். "அய்யய்யோ! இன்னாடி இது! உனக்குத்தான் மணி அடிச்சாச்சேடி!" டாக்டர் ஊசியும் கையுமாக வெளியே ஓடி வந்துவிட்டார்.

அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விவரம் கேட்டேன். "டிசம்பர் கடைசி ஞாயித்துக்கெயம பேர் கூப்புட்டாங்கடி. உன் பேரு மூணு வாட்டி கூப்புட்டாங்க. எழிலு வாயே தொறக்கல. அப்புறம் டங்குன்னு ஒண்ணு. நாங்கல்லாம் அய்துகினே வூட்டுக்குப் போனோம்." அழுதுகொண்டே போனீர்களே, சாப்பிட்டுவிட்டா போனீர்கள் என்று கேட்டேன். வடை பாயசத்தோடு என்றாள்.

உலகத்தில் வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலாவது இந்தக் கூத்து உண்டா? ஆறாம் வகுப்பில் நெட்டையையும் குட்டையையும் ஜோடி சேர்த்து ஒரு பெஞ்சில் உட்கார வைப்பார்களாம். கடைசி வகுப்பு வரை அதே இடம், அதே பெஞ்சுக்காரி. படிப்பு முடிந்து முப்பது வருஷம் ஆனாலும் ஆண்டுக்கு ஒரு நாள் பேர் கூப்பிடுவார்களாம். வராதவளுக்கு அவள் பெஞ்சுக்காரி எழுந்து "உள்ளேன்" சொல்ல வேண்டுமாம். அதற்கும் டிசம்பர் மாத முத்திரை விழுந்த கடிதம் ஒன்று அவளிடமிருந்து வந்திருக்க வேண்டுமாம். வரவில்லையென்றால் ஒரு மணி. போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட நம் பள்ளியின் பேரைச் சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பெருமையோடு என்னைப் புதைத்துவிட்டீர்கள்.

செப்டம்பரிலேயே குவைத்திலிருந்து வந்துவிட்டேன். கட்டிய புடவையோடு வந்தேன். உனக்கு எழுதவில்லை. ஏன் என்று கேட்பாய். எட்டு வருஷமாக நவம்பர் மாதம் உன் கடிதம் தவறாமல் வரும். "டிசம்பர் நெருங்குகிறது, ஒரு வரி போடு, மறவாதே." அமலா, நீ சாப்பிட்டாயா, உன் கால்வலி எப்படி இருக்கிறது என்று ஒரு கடிதத்திலாவது கேட்டிருக்கிறாயா, யோசித்துப் பார். இந்த டிசம்பரில் கார்டு வாங்கி மேசைமேல் வைத்தேன். எழுதவில்லை. கடிதம் இல்லாமல் எழிலு எனக்காக எழுந்து நிற்பாளா, பார்க்கலாம் என்று இருந்தேன். பார்த்துவிட்டேன்.

பதில் போட வேண்டாம். இங்கே வரவும் வேண்டாம். வராதே.

மணி அடிக்கப்பட்ட,
அமலா


ஆசிரியைகள் குடியிருப்பு
திருவேங்கடத்தம்மாள் பெண்கள் உயர்நிலைப் பள்ளி
ஸ்ரீபெரும்புதூர்
16.2.1991

என் அமலாவுக்கு எழிலரசி எழுதுவது.

பதில் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் என்னால் கேட்க முடியாது. வராதே என்றதைக் கேட்டுக்கொள்கிறேன்.

தபால்காரர் முனிரத்தினம் உன் கடிதத்தை வகுப்பு வாசலிலேயே கொடுத்தார். உறையின் மேல் உன் கோணல் எழுத்து. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் சாக்பீஸும் கையுமாக நின்று அழுதேன். "டீச்சரு வூட்ல யாரோ பூட்டாங்க போல" என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள். போகவில்லை, வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு இன்னும் அழுதேன்.

உன்னைத் தேடாமல் இருந்தேன் என்று நினைக்கிறாய். ஆகஸ்டில் சண்டைச் செய்தி வந்ததிலிருந்து குவைத் விலாசத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். தபால் போகாது என்று போஸ்ட் ஆபீசில் சொன்ன பிறகும் எழுதினேன். டெல்லிக்கு, வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதினேன். பென்னலூருக்கு நடந்தே போய் உங்கள் வீட்டைப் பார்த்தேன். உன் தம்பி ஜெபகுமார் வீட்டை விற்றுவிட்டு ஆவடிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. இதையெல்லாம் உனக்கு எப்படித் தெரியப்படுத்துவேன், நீயே சொல்.

அன்றைக்கு உன் பேரைக் கூப்பிட்டபோது நான் உள்ளேன் சொல்லவில்லை. செத்துவிட்டாய் என்று நான் சொல்லவில்லை அமலா. எனக்குத் தெரியாது என்பதால் பேசாமல் நின்றேன். நம் பள்ளியில் தெரியாது என்பதற்கு ஒரு வழி இல்லை. உள்ளேன் அல்லது மணி. நான் பொய் சொல்லியிருந்தால் அத்தனை வருஷமாக அத்தனை பேர் சொன்ன உள்ளேனுக்கு என்ன மரியாதை? இப்படி யோசித்துக்கொண்டு நிற்கும்போதே மணி விழுந்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் நெஞ்சுக்குள் இருக்கிறது.

வருகிற டிசம்பரில் பள்ளிக்குப் பவள விழா. விழா மலருக்குப் பள்ளி வரலாறு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக வாலாஜாபாத் போய், நாற்பத்திரண்டாம் வருஷத்து மாணவி ராஜம்மாவைப் பார்த்தேன். பேர் கூப்பிடும் வழக்கம் எப்படி வந்தது என்று நமக்கு யாருக்குமே தெரியாதல்லவா? ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே காலியான வருஷம். விடுதிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாரிக்கொண்டு சேலம், திருச்சி என்று ஓடிவிட்டார்கள். அந்த டிசம்பரில் பெரிய டீச்சர் பாதி வகுப்பை வைத்துக்கொண்டு முழு வகுப்புக்கும் பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். இல்லாதவளின் பேர் வந்ததும் ராஜம்மா எழுந்து, "உள்ளேன் டீச்சர், அவகிட்டேர்ந்து கார்டு வந்துது" என்றிருக்கிறார். பெரிய டீச்சர் அழுதுவிட்டார்களாம். அன்றைக்குத் தொடங்கியதுதான் எல்லாம். எவ்வளவு அழகாக இருக்கிறது பார்.

எனக்கென்று வருகிற கடிதம் உன்னுடையது ஒன்றுதான். மற்றதெல்லாம் கல்வி அதிகாரி அலுவலகத்துக் காக்கி உறை. பம்பாயில் இறங்கியதுமே ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? உன் கால்வலி எப்படி இருக்கிறது?

உன்,
எழிலரசி


மறைமலை நகர்
10.3.1991

நெட்டைக் கொக்குக்கு,

கால்வலியைக் கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். பள்ளி வரலாறு முடிந்த பிறகு. சரி, கேட்டாயே, அது போதும். வலி இருக்கிறது. சாயங்காலம் முட்டி வீங்கிவிடும்.

நீ ஒரு வரலாறு சொன்னாய். நானும் ஒன்று சொல்கிறேன், உன் மலரில் போடத் தேவையில்லை.

குவைத்திலிருந்து பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை. பாலைவனத்தில் கூடாரம் போட்டு எங்களை அடைத்து வைத்திருந்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் ஒரு வரிசை, ரொட்டிக்கு ஒரு வரிசை. விமானத்துக்குப் பேர் கூப்பிடுவதற்கு நேரம் காலம் கிடையாது. ஒருத்தர் பேப்பரை வைத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறிக் கத்துவார். அந்த நேரத்தில் நீ தண்ணீர் வரிசையில் நின்றால் உன் விமானம் போயிற்று. என் பக்கத்துப் பாயில் நெல்லூர்க்காரி ஒருத்தி படுத்திருந்தாள். அவள் தெலுங்கு, நான் தமிழ். பேர் மட்டும்தான் தெரியும். அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது அவள் பேரைக் கூப்பிட்டார்கள். நான் கையைத் தூக்கி "உள்ளேன்" என்று தமிழில் கத்தினேன். யாரும் என்னிடம் கடிதம் கேட்கவில்லை. எந்த மாதத்து முத்திரை என்றும் கேட்கவில்லை. அவள் ஓடிவந்து ஏறிப் போய்விட்டாள்.

அந்தச் சத்தம் என் வாயிலிருந்து வந்தபோது நம் வராந்தாவும் நீயும்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். இந்தப் பக்கம் உயிரோடு போய்ச் சேர்ந்தால் எழிலுவைப் பார்ப்பேன் என்று நினைத்தேன். மதராஸில் இறங்கியதும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறப் போனவள்தான். ஏறவில்லை. குவைத் அமலா குவைத் அமலா என்று பிரேயரில் என் கடிதத்தை வாசித்த பள்ளிக்கூடத்துக்குக் கிழிந்த செருப்போடு எப்படி வருவது? ஆஸ்பத்திரி ஆயா வேலை கிடைத்தது, இங்கேயே தங்கிவிட்டேன். வீட்டுக்காரர் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை, எங்கே இருந்தால் என்ன?

நான் உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அமலா


ஸ்ரீபெரும்புதூர்
24.6.1991

அன்பு அமலா,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. போன மாதம் இந்த ஊரில் நடந்ததை நீயும் பேப்பரில் படித்திருப்பாய். அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு போலீஸ், வருகிறவர் போகிறவர் எல்லாரையும் நிறுத்தி விசாரணை. லீவு முடிந்து பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடவில்லை. கோடை விடுமுறை முழுக்க இந்தக் குடியிருப்பில் நான் ஒருத்தி மட்டும். ஒரு நாள் சாயங்காலம் யாரிடமும் பேசாமலே இரண்டு நாள் போய்விட்டது தெரிந்து, குரல் இருக்கிறதா என்று பார்க்க உன் பேரைச் சொல்லிப் பார்த்தேன். சிரிக்காதே.

உன் விஷயமாகப் பெரிய டீச்சரிடம் பேசினேன். இப்போது பெரிய டீச்சர் அம்சவல்லி அம்மாள், நமக்கு நாலு வகுப்பு மேலே படித்தார்களே, அவர்கள்தான். மணி அடித்த பேரை மறுபடி கூப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை என்றார்கள். நான் விடவில்லை. மூன்று நாள் அவர்கள் அறை வாசலில் நின்றேன். கடைசியில், "கூப்பிடறேன் எழிலரசி. ஆனா ஆள் வரணும், இல்லாட்டி டிசம்பர் லெட்டர் வரணும். ரெண்டும் இல்லன்னா பவள விழாவுல எல்லார் முன்னாடியும் ரெண்டாவது தடவ மணி அடிக்க வேண்டியிருக்கும். அதுக்கப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள்.

நீ வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. செருப்பைப் பற்றி நினைக்காதே. என்னுடையதைப் போட்டுக்கொள், அளவுதான் பெரிதாக இருக்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் சிங்கப்பெருமாள் கோயில் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஒரகடம் கூட்டுரோடு வந்ததும், வராதே என்று நீ எழுதியிருப்பது ஞாபகம் வந்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் வெயிலில் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். உன் பேச்சை மீறக் கூடாதல்லவா?

உன்,
எழிலரசி


மறைமலை நகர்
14.7.1991

அடி மக்கு டீச்சர்,

ஒரகடம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனாயா? உனக்கு யார் வாத்தியார் வேலை கொடுத்தார்கள்? கோபத்தில் இருக்கிறவள் வராதே என்றால் வா என்று அர்த்தம். இது உனக்கு இலக்கணத்தில் இல்லையா?

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து ஒரு ஆழாக்கு அரிசி வடித்துவிட்டு, பேச ஆள் இல்லாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி சங்கு ஊதினால் சைக்கிள் கூட்டம் கூட்டமாகப் போகும். எல்லாரும் யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போகிறார்கள். என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வீட்டுச் சொந்தக்காரர் பரசுராமன் மட்டும் மாதம் பிறந்தால் வாடகைக்கு எட்டிப் பார்ப்பார்.

இந்த மாதமும் அடுத்த மாதமும் நிஜமாகவே வராதே. எனக்கு நைட் டூட்டி, பகலெல்லாம் தூங்குவேன். வா என்று நானே எழுதுவேன். அப்போது இலக்கணம் பார்க்காமல் பஸ் ஏறு.

விழாவுக்கு வருவது பற்றி இன்னும் யோசிக்கிறேன். கோபம் தீர்ந்துவிட்டது. பயம்தான் இருக்கிறது. அத்தனை பேர் அழுது முடித்த பிறகு போய் எதிரே நிற்பதற்கு வெட்கமாக இருக்கிறது.

உன் குள்ளி,
அமலா


மறைமலை நகர்
20.10.1991

எழிலு,

வா.

தீபாவளிக்கு உங்களுக்கு லீவு இருக்குமே. எனக்கும் அன்றைக்கு வேலை இல்லை. உனக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ப்பால் ஆப்பம் செய்கிறேன். காலையில் வந்தால் சாயங்காலம் அனுப்பி வைக்கிறேன். ராத்திரி தங்கினால் இன்னும் நல்லது. பாய் இரண்டு இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மஸ்கட்டில் ஒரு வீட்டில் நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். டாக்டர் மூலமாக வந்த இடம். நவம்பர் முடிவதற்குள் புறப்பட வேண்டும். போனால் திரும்பி வர வருஷங்கள் ஆகும். போகவும் பயமாக இருக்கிறது. இங்கே இப்படியே இருக்கவும் பயமாக இருக்கிறது. போகாதே என்று சொல்ல எனக்கு ஒருத்தர் இருந்தால் போகமாட்டேன் எழிலு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீ வா, நேரில் கேட்கிறேன்.

அமலா


ஸ்ரீபெரும்புதூர்
28.10.1991

அன்பு அமலா,

உன் கடிதம் கண்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுத்தில் சொல்ல முடியாது. ஆப்பத்தை நினைத்தாலே நாக்கு ஊறுகிறது. ஆனால் தீபாவளிக்கு என்னால் வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. காஞ்சிபுரம் அச்சகத்தில் மலர் முழுவதும் என் தலையில்தான். லீவு நாலு நாளும் அங்கே உட்கார்ந்து பிழை திருத்தினால்தான் டிசம்பருக்கு அச்சாகும். எழுபத்தைந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற காரியம், நான் விட்டால் பார்க்க ஆள் இல்லை.

இதில் ராஜம்மா வேறு தலைவலி கொடுக்கிறார். நான் எழுதியதைப் படித்துக் காட்டப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னா கார்டு? எனக்கு ஒரு கார்டும் வரலியே. அவ எங்க கீறாளோ, தெரியாது. சும்மா எய்ந்து சொன்னேன்" என்கிறார். பிப்ரவரியில் சொன்னதற்கு நேர்மாறு. வயதாகிவிட்டது, பாவம், மாற்றி மாற்றிப் பேசுகிறார். கார்டு வந்தது என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் பள்ளியைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

மஸ்கட் விஷயத்தை அவசரப்பட்டு முடிவு செய்யாதே. 29ஆம் தேதி நீதான் வரப் போகிறாயே, உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம். உனக்கு என் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். எதற்கும் டிசம்பர் முதல் வாரம் ஒரு கார்டு போட்டு வைத்துவிடு. மழை, பஸ் என்று ஏதாவது ஆனாலும் கையில் கடிதம் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

தீபாவளி வாழ்த்து. முட்டிக்குத் தைலம் தடவிக்கொள்.

உன்,
எழிலரசி


ஸ்ரீபெரும்புதூர்
30.12.1991

அமலா,

இதை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கே அனுப்புகிறேன். உன் மஸ்கட் விலாசம் தெரிந்தவர்கள் யாராவது அங்கே இருந்தால் உனக்கு அனுப்பி வைப்பார்கள்.

டிசம்பர் எட்டாம் தேதி மறைமலை நகர் வந்தேன். மலர் அச்சாகி முடிந்தது, முதல் பிரதி கையில் இருந்தது, உனக்குக் காட்டலாம் என்று எடுத்து வந்தேன். உன் அறை பூட்டியிருந்தது. பரசுராமன் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். "அமலாம்மாவா? பூட்டாங்களே. ஒரு வாரம் ஆவுது, மஸ்கட்டுக்கு" என்றார். எழிலரசிக்கு என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்களா என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலியே. தீபாவளி அன்னிக்குத்தான் யாரோ வரப் போறாங்கன்னு ரெண்டு பேருக்கு ஆக்கி வெச்சிகினு வாசல்லயே உக்காந்துகினு இருந்தாங்க. வர முடியாதுன்னு லெட்டர் வந்திச்சேம்மான்னு என் சம்சாரம் கேட்டா. அவ அப்டித்தான் எய்துவா, ஆனா வருவான்னாங்க. நீங்கதானா அது?" என்றார்.

மலரைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. போகாதே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் நீ என்னைக் கூப்பிட்டாய். அது எனக்குத் தெளிவாகவே எழுதியிருந்தது. படித்தேன், படித்துவிட்டு அச்சகத்துக்குப் போனேன்.

அதற்குப் பிறகு தினமும் முனிரத்தினத்தின் சைக்கிளுக்காக வாசலில் நின்றேன். கடிதம் வரவில்லை.

நேற்று விழா. பந்தல் கொள்ளாத கூட்டம். மதராஸிலிருந்து கார்களில் வந்திருந்தார்கள். சந்திரம்மாள் தனக்குப் பக்கத்திலிருந்தவர்களிடம் எல்லாம் நீ வரப் போகிறாய் என்று சொல்லி வைத்திருந்தாள். என் பக்கத்து நாற்காலியை யாரும் எடுக்காமல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நம் வருஷம் வந்தது. பெரிய டீச்சர் "அமலா" என்று கூப்பிட்டார்கள். எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மாணவியர் தலைவி கலைமதி மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டாள்.

எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றேன். ஆறாம் வகுப்பில் சொன்ன மாதிரி கீச்சுக் குரலாக வந்தது.

"லெட்டர் வந்துதா எழிலரசி?" என்று மைக்கிலேயே கேட்டார்கள்.

"வரல டீச்சர்."

"ஆள் வந்திருக்காங்களா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன எப்படி?"

"எனக்குத் தெரியாது டீச்சர். அவ இருக்கா. நான் சொல்றேன். மணி அடிக்காதீங்க."

பெரிய டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கயிற்றை விடும்படி கலைமதிக்குக் கையைக் காட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போனார்கள். பந்தியில் எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். எழிலரசியே இப்படிச் செய்தால் இனி ஆளாளுக்கு இஷ்டத்துக்குச் சொல்லுவார்கள் என்றார்கள். சாயங்காலம் பெரிய டீச்சர் கூப்பிட்டு, அடுத்த வருஷத்திலிருந்து இந்த நாளின் பொறுப்பு வேறு ஒருவருக்கு என்றார்கள். இருபது வருஷமாக நான் செய்த வேலை அது. சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வருத்தமாக இல்லை. நீ திட்டுவதற்காவது ஒரு கடிதம் எழுது, அதுதான் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுது. அங்கே உன்னை நன்றாக நடத்துகிறார்களா, படி ஏறி இறங்கும் வேலையா, அதை எழுது.

உன் பேருக்கு நாலு பேர் தள்ளி என் பேர் வந்தது. நானே எழுந்து சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தோன்றியது. நான் வராத வருஷம் ஒன்று வரும் அல்லவா? அன்றைக்கு எனக்காக எழுந்து நிற்க நீ ஒருத்திதான் இருக்கிறாய் அமலா. பள்ளியில் உன்னைத் தவிர என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. அதற்குப் பிறகும் யாரும் உட்காரவில்லை.

உன் பெஞ்சுக்காரி,
எழிலரசி